அசையாத இடம்

இருபது வருஷமாகச் சர்க்கரை இருக்கிறதே, இதயம் இனி எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிடலாம் என டாக்டர் எக்கோ ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். சண்முகவடிவு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எக்கோ எடுக்கும் பெண் சில்லென்ற ஜெல்லைத் தடவி, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள்.

“இந்த இடம் அசையலம்மா. எப்பவோ ஒரு அட்டாக் வந்துட்டுப் போயிருக்கு. நெஞ்சு வலிச்சுதா?”

“இல்லையே.”

“சர்க்கரை இருக்கவங்களுக்குச் சில நேரம் வலி தெரியாது. வேர்த்துக் கொட்டும், கேஸ் மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.”

சண்முகவடிவு திரையைப் பார்த்தாள். சுற்றிலும் எல்லாம் துடித்துக்கொண்டிருக்க, ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் சும்மா இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன் மகனை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் மட்டும் அழாமல் சுவரில் சாய்ந்து, வேர்வையில் ரவிக்கை நனைய, ஒரு சோடா கேட்டாள். வாங்கி வந்ததை முழுதும் குடித்தாள். “பெத்த புள்ள பொணமாக் கெடக்கான், இவளுக்குச் சோடா கேக்குது” என்றாள் நாத்தனார். அதற்குப் பிறகு எந்த விசேஷ வீட்டிலும் அதைச் சொல்லாமல் நாத்தனார் பந்தியை விட்டு எழுந்ததில்லை.

“அது என்னைக்கு வந்துதுன்னு தெரியுமா?”

“தேதியெல்லாம் தெரியாதும்மா. பழசுன்னு மட்டும் ரிப்போர்ட்ல எழுதித் தருவோம்.”

சண்முகவடிவு சேலையைக்கூடச் சரிசெய்யாமல் எழுந்து உட்கார்ந்தாள்.

“தமிழ்ல எழுதித் தா தாயி. எங்க நாத்தனாருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.”