பழைய இன்ஜின், புது மேனிஃபோல்டு

அந்த ‘உஸ்’ சத்தம் இன்னும் நிற்கவில்லையே என்று சௌந்தரத்தின் மனம் பதைத்தது.

யுத்த காலத்து லாரி இன்ஜினில், புது லாரியிலிருந்து கழற்றிய மேனிஃபோல்டு என்ற காற்றுக் குழாயை மாட்டி ஓடவிட்டிருந்தான் அவள் புருஷன் தசரதன். பொருத்திய இடத்தில் இப்படி ‘உஸ்’ என்று காற்று புகுந்தால், வழியில் தீப்பிடிக்கவும் கூடும்.

“பொண்ணு வூட்டுக்காரங்க பூதிகோட்டையில காத்துனு கீறாங்க. நாப்பது ஜனம் ஏறணும். ஆச்சா மேஸ்திரி?” என்றார் லாரிக்காரர் சிவப்பிரகாசம்.

தசரதன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

“இன்னாய்யா, பொண்டாட்டி மூஞ்சியப் பாத்தாத்தான் கையில ஸ்பானர் நிக்குமா? மூணு தபா கழட்டி மாட்டிட்ட. இன்னொரு தபா கழட்டினா, நான் வேற மேஸ்திரியப் பாத்துக்கறேன்.”

சௌந்தரம் சிரிக்கவில்லை. சுரங்க வேலையில் வெடி தவறி அருகிலேயே வெடித்த நாளிலிருந்து தசரதனுக்குக் காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்தே பேசிச் சமாளிக்கிறான். இன்ஜினை அவனுக்காகக் கேட்பவள் அவள்தான். வெளியே தெரிந்தால் ஒரு லாரியும் அவனிடம் வராது.

‘சரின்னு தலையாட்டிடு’ என்று, லாரிக்காரரின் உதட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய தசரதன் அவளைக் கண்ணால் கெஞ்சினான்.

லாரிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சௌந்தரம், மாட்டேன் என்று மெல்லத் தலையசைத்தாள்.