மேற்கு பார்த்த பெஞ்சு

இனிமேல் பெண் பார்க்க யாரையும் வீட்டுக்கு வரச் சொல்வதில்லை என்று வைத்திலிங்கம் முடிவெடுத்திருந்தார். வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போய், நிறம் கொஞ்சம் கம்மி என்று போனில் சொல்லிவிடுகிறார்கள். தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. அதனால் இந்த முறை ஏரிக்கரையில் இருக்கும் சின்னப் பூங்கா. முதல் நாளே வந்து இடம் பார்த்து வைத்திருந்தார். சூரியன் இறங்கும் நேரத்தில் மேற்கு பார்த்த அந்த பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் முகம் தங்கமாய் இருந்தது.

மகள் மங்கையர்க்கரசியை அதில் உட்காரவைத்துவிட்டு, விறைப்பாகப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா அவளை உற்றுப் பார்த்தாள். "போட்டோலதான் கறுப்பா விழுந்திருக்கு. நேர்ல பொண்ணு நல்ல கலராத்தானே இருக்கா!"

"எங்க குடும்பத்துல எல்லாருக்குமே இந்த நிறந்தாங்க" என்றார் வைத்திலிங்கம்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றாள் மங்கை. "இந்த வெயில் போயிடட்டும். அதுக்கப்புறம் ஒருதடவ பாத்துட்டுச் சொல்லுங்க."

"விளையாட்டுக்குச் சொல்றா" என்று அவர் சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. மாப்பிள்ளையின் அம்மா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். காத்திருக்கப் போகிறாள்.

மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். கிளம்பினால் ஒப்புக்கொண்டது போலாகிவிடும். பூங்காவுக்கு வந்தவர்களெல்லாம் அஸ்தமனத்தைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வைத்திலிங்கம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மகளின் தாடையிலிருந்து மெல்ல மேலேறிக்கொண்டிருந்த நிழலையே பார்த்தபடி நின்றார்.