சுற்று வழி

டிக்... டிக்... டிக்...

சின்ன வயதில், காரின் பின் சீட்டில் படுத்துக்கொண்டு அவள் கேட்ட சத்தம் அது. ஈ காக்கை இல்லாத தெருவில் திரும்பும்போதும் அப்பா இண்டிகேட்டர் போடுவார்.

"யாருமே இல்லையே, யாருக்குப்பா போடறீங்க?"

"வராதவனுக்கும் சொல்லிட்டுத்தான் திரும்பணும் பாப்பா."

அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர்.

இன்றைக்கு அதே டிக் டிக் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வலது பக்கம் திரும்பவும்" என்றது முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஜி.பி.எஸ். அப்பா இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டார்.

"அப்பா, அது வலதுன்னு சொல்லுது."

"சொல்லட்டும்."

"முடிந்தால் திரும்பி வரவும்."

"உன் சின்னம்மாவுக்கு வாய் ஓயவே ஓயாது" என்றார் அப்பா. அந்தக் கருவிக்கு அவர் வைத்த பெயர் அது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கருவியை வாங்கியதே அப்பாவால்தான். மார்க்கெட் ரோடு வழியாக நேரே அவளை வேலை செய்யும் லேபில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று கால்வாய்க் கரையைச் சுற்றிப் போக ஆரம்பித்தார். வழி மறக்கிறதோ என்று பயந்து வாங்கி மாட்டினாள். அதற்கும் அடங்கவில்லை.

லேபில் அவளுக்கு ரத்தம் எடுக்கிற வேலை. எல்லோரும் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அன்று அவள் உள்ளே நுழைந்தபோது, சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் மயங்கி நாற்காலியிலிருந்து சரிந்திருந்தார்.

"இன்னொரு தரம் லேட்டா வந்தா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார் டாக்டர், எல்லோர் முன்னாலும்.

சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைத்ததுமே கேட்டாள்.

"ஏம்பா அந்த ரோட்டுல போக மாட்டேங்கறீங்க?"

"தோண்டிப் போட்டிருக்காங்கம்மா. ஒரே குழி. நாளையிலேர்ந்து கொஞ்சம் சீக்கிரமே கிளம்பிடலாமே."

"பக்கத்துல வழி இருக்கறப்போ நான் எதுக்கு விடியறதுக்கு முன்னாடி எழுந்திருக்கணும்? வீம்புப்பா உங்களுக்கு. ஊருக்கே வண்டி கத்துக்கொடுத்தவனுக்கு ஒரு மெஷின் வழி சொல்றதான்னு வீம்பு. எனக்கு வேலை போனாலும் பரவாயில்ல. அவரும் பக்கத்துல இல்ல, நான் ஒருத்திதானே கிடந்து அல்லாடறேன்."

'அவர்' அவளுடைய கணவன். கம்பெனி வேலையாக வெளியூர் போய் ஒரு வருஷமாகப் போகிறது. எப்போதாவது போன் வரும். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்பான். வாசலில் கிடக்கும் அவன் செருப்பை அவள் இன்னும் தூசு தட்டித்தான் வைக்கிறாள்.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இல்ல, மறதியா? அதையாவது ஒத்துக்குங்க. டாக்டர்கிட்ட போகலாம்."

அப்பா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாம்மா. மறதிதான். இப்பல்லாம் வலது இடதே குழம்புது."

"அப்போ இனிமே நீங்க ஓட்ட வேணாம். சாவியைக் கொடுங்க."

எத்தனையோ பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை, சாவியைக் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தது. பிறகு கொடுத்தது.

"ஓட்டறதுன்னா ஓட்டும்மா. ஆனா அந்த மெஷினைக் கழட்டி வச்சிடு. என் வழியிலயே போ."

"போதும்பா. உங்க வழியில போனது போதும்."

மறுநாள் காலை தனியாகக் கிளம்பினாள். வலது என்றது கருவி. வலது பக்கம் திரும்பினாள்.

ரோடு கழுவிவிட்ட பலகை மாதிரி இருந்தது. ஒரு பள்ளம் இல்லை.

குழியாம். இந்த வயசில் பொய் வேறு. சாயங்காலம் இருக்கிறது அவருக்கு என்று கறுவிக்கொண்டே ஓட்டினாள்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்க, வண்டிகள் நின்றன. இடது பக்கம் புதிதாகப் பெயிண்ட் அடித்த வீடு. வாசல் படியில் உட்கார்ந்து, ஒருவன் ஒரு குழந்தைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தான்.

அவள் கணவன்.

குழந்தை எழுந்து, தத்தித் தத்தி நாலு அடி நடந்தது. அவன் வெளியூர் போவதாகச் சொல்லிக் கிளம்பி ஆன நாட்களைவிட அந்தக் குழந்தைக்கு வயது கூட.

"ஏங்க, பாப்பா தொப்பியை மறந்துட்டீங்க" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"நேராகச் செல்லவும்" என்றது கருவி.

அன்று லேபுக்குச் சீக்கிரமே போய்விட்டாள். ஒருவருக்கும் ஊசி தப்பவில்லை.

சாயங்காலம் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"எந்த வழியாம்மா போனே?"

"உங்க வழியாத்தான்பா. மார்க்கெட் ரோடு ஒரே குழியாம். லேப்ல கூடச் சொன்னாங்க."

அப்பா அவள் முகத்தையே பார்த்தார்.

"ஆமாம்மா. ரொம்ப மோசம்."

அவள் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நாளைக்கு நீங்களே ஓட்டுங்க."

"மறதிக்காரன்கிட்டயா கொடுக்கறே?"

"பரவாயில்லப்பா. சீக்கிரமே கிளம்பிடலாம்."

மறுநாள் காலை வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு குறைந்திருந்தது. அப்பா அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

கண்ணில் புரை விழுந்து வண்டி ஓட்டுவதை நிறுத்தும் வரைக்கும், அவர் அவளைக் கால்வாய்க் கரையைச் சுற்றித்தான் வேலைக்குக் கொண்டுபோய் விட்டார்.