எட்டுக் கொத்துப் பிள்ளை

சீனன்குடா வளைவில் பஸ்ஸை முந்திக்கொண்டு வந்து குறுக்கே நின்றது ஜீப். பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு அதன் கூரையில் சிவப்பு லைட் சுற்றிக்கொண்டிருந்தது.

எந்தக் கந்தோரின் ஜீப் என்று பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாது. சுங்கம் என்றார் ஒருவர். உணவுக் கட்டுப்பாடு என்றார் இன்னொருவர்.

எழுபத்துநாலாம் வருஷம் அது. லைட் பூட்டிய எவனும் றோட்டில் எவரையும் மறிக்கலாம் என்றாகியிருந்தது. கள்ளத் தங்கம் பிடிக்கவென்று வந்த லைட், கடைசியில் ஏழையின் அரிசிப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றது. நல்ல முன்னேற்றம்தான்.

றுக்கியா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் இருந்தது எட்டுக் கொத்து அரிசி.

கிண்ணியாவில் வாப்பாவின் வயலில் விளைந்து, உம்மா குத்திக் கொடுத்த அரிசி. இரண்டு கொத்துக்கு மேல் கொண்டு போனால் குற்றம். சொந்த வயல் அரிசியைப் பெற்ற பிள்ளைகளுக்குக் கொண்டு போகிறவளும் கள்ளிதான்.

பட்டினத்தில் அவளுடைய நாலு பிள்ளைகளும் மரவள்ளிக்கிழங்கில் கிடந்தார்கள். சின்னவள் இரண்டு நாளாக அதையும் வாயில் வைக்கவில்லை. சோறு, சோறு என்று அனுங்கிக்கொண்டே இருந்தாள்.

ஆகவே றுக்கியா பழஞ்சீலையில் ஒரு பை தைத்து, அரிசியை நிரப்பி, வயிற்றோடு கட்டி, மேலே சேலையை உடுத்துக்கொண்டாள். எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சியாகப் படகுப்பாதையில் துறையைக் கடந்து பஸ் ஏறியிருந்தாள்.

அதிகாரி கதிரவேல் பஸ்ஸுக்குள் ஏறினார். கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு பிரம்பு. அரிசி பிடிக்க எதற்குப் பிரம்பு என்று அவரிடம் யார் கேட்பது?

ஒவ்வொரு பையாக இறங்கியது. முன் சீற்றில் இருந்த கிழவரின் மூன்று கொத்தும் போய்விட்டது. பிரம்பு றுக்கியாவின் பக்கம் திரும்பியது.

அவளுக்கு உண்மையாகவே வியர்த்துக் கொட்டியது. வேறு வழி தெரியாமல் முனகினாள்.

"எனக்கு ஏலாம வருது சேர். பஸ்ஸை விடுங்க."

பஸ்ஸை விட்டிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கதிரவேலுக்கு அன்றைக்கென்று பார்த்துத் தர்மம் பொங்கியது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்குத்தான் பொங்காது?

"பஸ்ஸில போனா நேரமாகும். ஜீப்பில ஏத்துங்கோ. பிறகென்னத்துக்கு லைட் பூட்டி வச்சிருக்கிறம்?"

ஊரும் அதைத்தான் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பறித்த அரிசிக்கு நடுவே பறிக்காத அரிசியும் ஏறி உட்கார்ந்தது. ஜீப் அலறிக்கொண்டு பறந்தது. மாட்டு வண்டிகள் மண்ணில் இறங்கின. விறகு லொறி ஒன்று றோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் ஒரு சில்லை இறக்கிக்கொண்டு வழி கொடுத்தது. நாலாம் கட்டையில் அரிசிக்கென்றே போட்டிருந்த தடைமரத்தை ஓடி வந்து தூக்கிவிட்டு, இரண்டு பேர் சலூட் அடித்தார்கள்.

எட்டுக் கொத்து அரிசிக்கு இந்த நாட்டில் அப்படியொரு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

றுக்கியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கை வயிற்றில் பட்டால் போதும். பிறகு பொலிஸ், கோட்டில் வழக்கு, மறியல் சிறை. சின்னவளுக்கு யார் சோறு கொடுப்பார்கள்?

வாசலில் இறங்கி நழுவிவிடலாம் என்று நினைத்திருந்தாள். விட்டால்தானே. கதிரவேல் பிள்ளைப்பேற்று வாட்டு வரைக்கும் கூடவே வந்தார்.

மருத்துவிச்சி பத்மாசனி அவளைக் கட்டிலில் இருத்தி வயிற்றில் கையை வைத்தாள். சேலைக்குள் அரிசி சரசரத்தது.

பத்மாசனி றுக்கியாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"தலை இறங்கிட்டுது. ஆம்பிளையள் இதில நிக்கேலாது சேர். வெளியில நில்லுங்கோ."

கதவைச் சாத்திவிட்டு வந்து, "எத்தினை கொத்து?" என்று மெல்லக் கேட்டாள்.

"எட்டு, மிஸி."

"எனக்கு ஒரு சுண்டு தாங்கோ. கால் கொத்துக் காணும்."

றுக்கியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளும் அந்தக் கூட்டம்தானா? தலையில் லைட் ஒன்றுதான் பூட்டவில்லை.

பத்மாசனி பக்கத்துத் திரையை விலக்கினாள். வெளிறிப்போன ஒரு பெண் கண்ணை மூடிக் கிடந்தாள். அருகில் துணியில் சுற்றிய குழந்தை.

"திரியாய் ஊர்ப் பிள்ளை இவள். நேற்று விடியப் பெத்தவள். பத்தியச் சோறு ஆக்கிக் குடுக்கவெண்டு தாய் அரிசி கொண்டு வந்தவ. உப்புவெளியில வச்சு இந்த மனிசன்தான் அதைப் பறிச்சது."

றுக்கியா சேலையைத் தளர்த்தி முடிச்சை அவிழ்த்தாள். ஒரு சுண்டு கேட்டவள் நீட்டிய தட்டில் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டாள். சத்தத்தில் குழந்தை விழித்து வீரிட்டு அழுதது.

வெளியே கதவில் தட்டும் சத்தம் கேட்டது.

"பிறந்திட்டுதோ மிஸி? என்ன பிள்ளை?"

"பெண் பிள்ளை சேர்," என்றாள் பத்மாசனி, சிந்திய அரிசியைப் பொறுக்கிக்கொண்டே.