வலது மணிக்கட்டு

அசையாமல் இருக்கச் சொன்னது வாட்ச்.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பதினான்கு படி ஏறி வந்ததற்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. போன மாதம் இதே வாட்ச்சைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் பத்து கிலோமீட்டர் ஓடியவன்.

ரத்தத்தில் ஆக்சிஜன், எண்பத்திரண்டு.

இடதுகைப் பழக்கம் அவனுக்கு. அதனால் வாட்ச் வலது கையில். அதே கையில்தான் திங்கட்கிழமை மாரியம்மன் கோயிலில் பெரியப்பா காப்புக் கட்டிவிட்டார். மஞ்சள் கயிறு, நடுவில் கட்டைவிரல் கனத்துக்கு ஒரு மஞ்சள் கிழங்கு. வாட்ச்சை எவ்வளவு மேலே தள்ளினாலும் சரிந்து வந்து கிழங்கின்மேல் ஏறிக்கொள்ளும்.

மூன்று நாளாக விடியற்காலைக் குளியல், ஈர வேட்டி, கோயிலைச் சுற்றி நடை. சளி பிடித்தது. நேற்றிலிருந்து நெஞ்சை அடைக்கிறது. தீமிதி ஞாயிற்றுக்கிழமை.

காலையில் எண்பத்தைந்து காட்டியபோது பெரியப்பாதான் தீர்ப்புச் சொன்னார்.

"காப்புக் கயித்து மேல கட்டுனா அது என்னத்தக் கண்டு சொல்லும்?"

வீடே சிரித்தது. அவனும் சிரித்தான். எவ்வளவு நிம்மதியாக இருந்தது அந்தச் சிரிப்பு!

அவன் மனைவி பூங்கொடி மட்டும் சிரிக்கவில்லை. கார் சாவியை எடுத்து வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி பக்கத்து டவுனில், ஒன்பது கிலோமீட்டர்.

காப்புக் கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

நான்கு வருஷத்துக்கு முன் அவன் தம்பி தாண்டினான். ஏதோ இன்டர்வியூ. அந்த வருஷம் தீமிதியில் ஒரு பெண் தவறி விழுந்து கால் வெந்துபோனது. பழி தம்பி தலையில். இன்றுவரை தம்பி டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. இந்த வருஷம்தான் அவர்கள் குடும்பத்துக்கு மறுபடி காப்பு. அதுவும் பெரியப்பா ஊர்க்காரர்கள் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கியது.

முட்டாள்தனம்தான். அவனுக்குத் தெரியாதா? தெரிந்து என்ன செய்ய!

வாட்ச்சைக் கழற்றி இடது கையில் கட்டினான். இங்கே கயிறு இல்லை, கிழங்கு இல்லை. வெறும் தோல். இறுக்கிக் கட்டி, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

எண்பத்து நான்கு.

மறுபடி.

எண்பத்து நான்கு.

மறுபடி.

எண்பத்து மூன்று.

பயமாக இருந்தது. அம்மா என்று வாய்விட்டே சொன்னான்.

கீழேயிருந்து பூங்கொடியின் குரல்.

"ஏனுங்க, எத்தன காட்டுது? அடுப்ப அணச்சுட்டு வர்றேன். தொண்ணூறுக்குக் கீழ இருந்தா யாரையும் கேக்க மாட்டேன், வண்டிய எடுத்துருவேனுங்க."



வாட்ச்சை வலது கைக்கு மாற்றினான். கிழங்கின்மேல்.

எழுபத்தொன்பது.

கொஞ்சம் நகர்த்தினான். எண்பத்தெட்டு.

தளர்த்தினான். அளக்க முடியவில்லை என்றது.

படியில் கொலுசுச் சத்தம். ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது கையால் அழுத்திப் பிடித்தான்.

தொண்ணூற்றேழு.

அவள் தலை தெரிந்ததும் படியோரம் நகர்ந்து கையை நீட்டிக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். அப்பாடா என்று கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூச்சு வாங்குவது தெரியாமலிருக்க, அவன் வாயை மூடிக்கொண்டான்.