எத்தனை பழம்?

"எத்தனை பழம் கொடுத்தே?"

"ஒண்ணுதான்."

"பொய் சொல்லாதேம்மா."

"ரெண்டு."

அவசரப் பிரிவுக்கு வெளியே கிடந்த பெஞ்சில் அம்மா ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மகள் உட்காரவில்லை. ஆபீசிலிருந்து அவள் ஓடி வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "ரத்தத்துல பொட்டாசியம் ஏறிடுச்சும்மா. கெட்டுப்போன கிட்னியால அதை வெளியேத்த முடியாது. டயாலிசிஸ் இல்லாத ரெண்டு நாள்ல நிறையச் சேர்ந்து, இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்னுடுச்சு."

பொட்டாசியம். மகளுக்கு அது தெரியாத பெயரா? அந்தக் குடும்பத்திலேயே முதலில் காலேஜ் படி ஏறியவள் அவள். எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக் கூடாது என்று பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியவளும் அவளே. அதில் முதல் வரியே வாழைப்பழம் கூடாது என்பதுதான்.

உப்புக் குறைத்த சாப்பாட்டைப் பார்த்து, "ஜெயில்லகூட இதைவிட நல்லாப் போடுவாங்க" என்று அப்பா முகம் சுளித்தபோது, கடை கடையாக ஏறி இறங்கி, சோடியம் குறைந்த உப்பு வாங்கி வந்து போன வாரம்தான் கொடுத்தாள். ஒரு வாரமாக மனுஷர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

"வீட்டுக்குள்ள பழமே வராதேம்மா. உனக்கு ஏது?"

"பக்கத்து வீட்டுல கொடுத்தாங்க. அவரு ஆசையாக் கேட்டாரு."

"கேட்டா? விஷம் கேட்டாலும் கொடுப்பியா?"

பக்கத்தில் நின்ற அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கண்ணனுக்கு வாழைப்பழத்துலயா எமன் வரணும்? கட்டினவ கையாலயே வரணுமா?"

மகள் அம்மாவின் பக்கம் குனிந்தாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா. ஒரு வரி, ஒரே ஒரு வரி உன்னால ஞாபகம் வச்சுக்க முடியலையா? இனிமே என்கிட்ட பேசாதே."

நர்ஸ் ஒரு பையோடு வந்தாள். அப்பாவின் சட்டை, கண்ணாடி, செருப்பு. அடியில் பிரித்த உப்புப் பாக்கெட் ஒன்று.

"இது எப்படி இங்கே?" என்றாள் மகள்.

"சாப்பாட்டுல புதுசா என்ன சேர்த்தீங்கன்னு டாக்டர் கேட்டாரு. உங்கம்மாதான் வீட்டுக்கு ஓடிப்போய் இதை எடுத்துட்டு வந்தாங்க." நர்ஸ் போய்விட்டாள்.

பாக்கெட்டின் முன்பக்கம் 'இதயத்துக்கு இதமானது' என்று பெரிதாகப் போட்டிருந்தது. மகள் அதைத் திருப்பினாள். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் ஒரு வரியை டாக்டர் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்.

'சோடியத்தைக் குறைக்க, பொட்டாசியம் சேர்க்கப்பட்டுள்ளது.'

மகள் அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள்.

அம்மா எழுந்து வந்தாள். பாக்கெட்டை வாங்கி, அத்தையின் கண்ணில் படாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"பழந்தான்டி," என்றாள். "மூணு கொடுத்தேன்."