விலைக்கு வாங்கிய ஆட்டம்

கூடத்தில் தில்லைநாயகம், தங்கை அபரஞ்சி, மருமகன் குமரேசன், புதுச் சம்பந்தியம்மாள் ஆகிய நால்வரும் இருந்தார்கள். அபரஞ்சி கல்யாணத்துக்கு முன் ஒரு படத்தில் ஆடியதை அந்தக் குடும்பம் நாற்பது வருடமாக மூடி வைத்திருந்தது. சம்பந்தியம்மாள் எப்படியோ கேள்விப்பட்டு, "நாங்களும் பார்க்கக்கூடாதா?" என்று சிரித்தாள். அபரஞ்சி தலைகுனிந்தாள்.

குமரேசன் டிவியில் படத்தைத் தேடி எடுத்தான். "வாடகைன்னா நூறு ரூபாய் மாமா, ரெண்டு நாள்ல தானா மறைஞ்சிடும். விலைக்குன்னா அறுநூறு."

"மறைச்சது போதும். என் தங்கச்சி இந்த வீட்டுல வாடகைக்கு இருக்கமாட்டா. ரிமோட்டைக் கொடு."

திரையில் பதினெட்டு வயது அபரஞ்சி சலங்கையோடு சுழன்றாள். சம்பந்தியம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை போடுண்ணா," என்றாள் அபரஞ்சி, தலை நிமிர்ந்து.

கிழவர் கை நடுங்கித் தவறான பட்டனை அழுத்திவிட்டார் என்று உறவுக்குள் ஒரு பேச்சு. இல்லை. கண்ணாடியைப் போட்டு, இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அழுத்தினார்.